கதை தெரிந்தவரைப் பயமுறுத்துவது எப்படி: இருண்ட ரசிகர் ஆர்பிஜிக்குக் கதை அமைக்கும் வழி

மருமகன் முதலில் செய்து காட்டிய இருட்டு கேமில் 14 இடங்களில் ரத்தம் கிடந்தது. எண்ணித்தான் சொல்கிறேன். கிணற்றடியில் ரத்தம், அடுப்படியில் ரத்தம், வகுப்பறைக் கரும்பலகையிலும் ரத்தம். சிவந்த கண்ணோடு ஒரு மோகினி கதவுக்குக் கதவு நின்றாள். விளையாடிப் பார்த்த அவனுடைய தம்பிக்குப் பத்து வயது. மூன்றாவது கதவிலேயே அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "மாமா, இந்தப் பேய் டியூட்டிக்கு வந்த மாதிரி நிக்கிது" என்றான்.

எனக்கும் கொஞ்சம் வெட்கம்தான். மட்டக்களப்புக்குப் போனால் பாயோடு ஒட்டவைத்துவிடுவார்கள் என்று வெளியூரில் சொல்வார்கள். அப்படிப் பேரெடுத்த ஊரில் இருந்துகொண்டு ஒரு சின்னப் பையனைக் கதிரையோடு ஒட்டவைக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு அந்த கேமைப் பிரித்துப்போட்டுத் திரும்பக் கட்டினோம். அப்போது பிடிபட்ட ஒழுங்கைத்தான் கீழே எழுதுகிறேன். ஒரு பாத்திரமாக மாறி ஊர் சுற்றிக் கதைக்குள் போகும் கேம் வகைதான் ஆர்பிஜி. அதைச் செய்ய நாங்கள் பாவித்த மென்பொருள் ஆர்பிஜி மேக்கர் எம்இசட், 2020இல் வந்த பதிப்பு. உங்களிடம் அதன் பழைய பதிப்புகளான எம்வி இருந்தாலும் எக்ஸ்பி இருந்தாலும் கதைவேலை ஒன்றுதான்.

முதற்படி: கூத்துக் களரியை நினைத்துக்கொள்ளுங்கள்

இன்னொருவர் செய்த கேமின் உலகத்தையோ அதன் விதிகளையோ எடுத்து, காசு வாங்காமல் ரசிகர்கள் செய்யும் புது கேம்தான் ரசிகர் கேம். அதை விளையாட வருகிறவருக்கு மூலக்கதை தலைகீழாகத் தெரியும். புதிதாகச் செய்கிறவர்கள் இதைப் பெரிய இடைஞ்சலாக நினைக்கிறார்கள். எனக்கு அது பெரிய வசதியாகப் படுகிறது.

நம்மூர் வடமோடிக் கூத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அபிமன்யு வியூகத்துக்குள் போனால் திரும்பி வரமாட்டான் என்று களரியைச் சுற்றி இருக்கிற எல்லாருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் விடியவிடிய இருக்கிறார்கள். அவன் விடைபெறும் பாட்டு நீள நீள வயிற்றைப் பிசைகிறது. முடிவு தெரியாதவனுக்கு அந்தப் பிசைவு வராது. ரசிகர் கேமின் இருட்டும் இப்படித்தான் வேலை செய்கிறது. ஆட்டக்காரருக்குப் பழகிய வீட்டுக்குள் அவரைக் கூட்டிக்கொண்டு போய், ஒரே ஒரு பொருளை இடம் மாற்றி வைக்கிறீர்கள்.

எனவே கணினியைத் திறக்கும் முன் ஒரு தாளில் இரண்டு வரி எழுதுங்கள். மூலக்கதையில் எல்லாரும் நம்பிக்கொண்டிருக்கிற எது இங்கே நடக்காமல் போகிறது? அதனால் யாருக்கு அதிகம் வலிக்கிறது?

இதற்கு நான் கண்ட நல்ல எடுத்துக்காட்டு, 2008இல் டோபி ஃபாக்ஸ் செய்த ஹாலோவீன் ஹேக். ஹேக் என்றால் மூல கேமின் கோப்பையே திருத்திச் செய்த ரசிகர் பதிப்பு. 2015இல் அண்டர்டேல் என்ற கேமைச் செய்து உலகப் புகழ் பெற்ற அதே ஆள்தான். எர்த்பவுண்ட் என்ற நின்டென்டோ கேமின் முடிவில் நான்கு பிள்ளைகள் கடந்த காலத்துக்குப் போய்ப் பெரிய தீமையோடு மோதுவார்கள். அவர்களை அனுப்பும் இயந்திரத்தில் டாக்டர் ஆண்டோநட்ஸ் என்ற விஞ்ஞானிக்குப் பங்கு உண்டு. அந்த நால்வரில் ஒருவன் அவருடைய சொந்த மகன். மூலத்தில் பிள்ளைகள் வென்று வீடு திரும்புவார்கள். ஹேக்கில் திரும்பவில்லை. அனுப்பிவிட்டு நின்ற மனிதர் என்ன ஆனார் என்பதுதான் கதை. அதன் பேச்சுநடை கரடுமுரடு, கெட்ட வார்த்தையும் நிறைய. ஆனாலும் கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது. வில்லனைத் தேடாமல், மூலத்தில் ஓரமாக நின்ற ஒரு பெரியவரைப் பிடித்தார் பாருங்கள், அதைத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் படி: எந்த மரபை வைப்பது, எதை மாற்றுவது

நாங்கள் எடுத்த மூலம் யுமே நிக்கி. கிகியாமா என்ற புனைபெயரில் ஒருவர் ஆர்பிஜி மேக்கர் 2003இல் செய்து 2004இல் இலவசமாக வெளியிட்ட ஜப்பானிய கேம் அது. அதைப் பின்பற்றி வந்த ரசிகர் கேம்கள் ஏராளம், அவற்றுக்கென்று ஒரு மரபே உருவாகிவிட்டது. அறையை விட்டு வெளியே போக மறுக்கும் ஒரு பிள்ளை. மேசையில் இருந்து நாட்குறிப்பு எழுதினால் கேம் சேமிக்கப்படும். கட்டிலில் படுத்தால் கனவு, கன்னத்தைக் கிள்ளினால் விழிப்பு. கனவின் நடுவில் 12 கதவுகள் உள்ள ஒரு வெளி. அங்கங்கே தேடி எடுக்க 24 மாற்றுருவங்கள். சண்டை அநேகமாக இல்லை, பேச்சு அதைவிடக் குறைவு.

இதில் ஏதாவது ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டுக்கு மேல் போனால் மூலத்தை அறிந்தவருக்குப் பிடிமானம் போய்விடும். ஒன்றுமே மாற்றாவிட்டால் நகல் எடுத்த மாதிரி ஆகிவிடும். நாங்கள் 12 கதவுகளை மாற்றினோம். கதவு வெளிக்குப் பதிலாக ஒரு பாதை. வெளியூர் வாசகருக்கு ஒரு விளக்கம்: வாவியைக் கடக்க ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு போகும் தட்டையான மிதவையை எங்கள் பக்கம் 'பாதை' என்றுதான் சொல்வோம். குருமண்வெளிக்கும் மண்டூருக்கும் இடையில் அப்படி ஒன்று ஓடுகிறது. கேமில் பிள்ளை எழுவான்கரையில் படுத்துத் தூங்குகிறாள். கனவில் பாதையில் ஏறுகிறாள். படுவான்கரை வரவேண்டிய இடத்தில் வேறு வேறு துறைகள் வருகின்றன. சூரியன் எழும் கரை, சூரியன் விழும் கரை என்று நம் முன்னோர்களே விழிப்பையும் கனவையும் பிரித்துப் பெயர் வைத்துத் தந்துவிட்டார்கள். அதற்கு மேல் நான் மூளையைக் கசக்க வேண்டியிருக்கவில்லை.

மூன்றாம் படி: மேப்பைக் கொண்டு கதை சொல்வது

எம்இசட்டின் வழக்கமான திரை 816க்கு 624 புள்ளிகள், ஒரு கட்டம் 48 புள்ளி. அதாவது ஒரே நேரத்தில் 17 கட்டம் அகலமும் 13 கட்டம் உயரமும்தான் கண்ணுக்குத் தெரியும். கதை சொல்கிறவருக்கு இந்த எண் முக்கியம். 17 கட்டத்துக்குள் அடங்கும் அறையில் ஆட்டக்காரர் நிம்மதியாக இருப்பார். அதே அறையை 19 கட்டமாக நீட்டினால் ஒரு மூலை எப்போதும் திரைக்கு வெளியே கிடக்கும். அங்கே எதுவும் வைக்கத் தேவையில்லை.

ஒரே வீட்டை மூன்று மேப்பாகச் செய்யுங்கள். முதலாவதில் எல்லாம் ஒழுங்கு. இரண்டாவதில் ஒரு பொருள் மட்டும் மாறியிருக்க வேண்டும்: வாசலில் ஒரு சோடி செருப்பு குறைகிறது, அல்லது சுவரில் படம் இருந்த இடம் மட்டும் வெளுத்திருக்கிறது. மூன்றாவது வீடு முதலாவதைப் போலவே இருக்கட்டும். மாறியது திரும்ப வந்துவிட்டதைக் கவனிக்கும்போது வருகிற சந்தேகம், ரத்தம் கிடக்கும் தரையில் ஒருநாளும் வராது.

நிறம் பற்றிச் சுருக்கமாக. திரையைக் கருக்கும் கட்டளையில் 'இரவு' என்று ஆயத்தமாக ஒரு கலவை இருக்கிறது: சிவப்பு -68, பச்சை -68, நீலம் 0, சாம்பல் 68. அது போதும். மருமகன் மூன்று நிறத்தையும் -200 வரை கொண்டுபோயிருந்தான். ஒன்றும் தெரியாவிட்டால் பயமும் தெரியாது. கரண்ட் போன இரவில் நிலா இருந்தால் வீட்டை விட வாவி வெளிச்சமாக இருக்குமே, அந்த அளவு இருட்டு போதும்.

நான்காம் படி: திரையை விலக்காதீர்கள்

இருண்ட கேம்களில் சலித்துப்போன மரபு ஒன்று உண்டு. அறைக்கு அறை கிழிந்த நாட்குறிப்புத் தாள் கிடக்கும். "இன்றும் அந்தச் சத்தம் கேட்டது, கடவுளே..." என்று நான்கு தாள், ஐந்தாவதில் பாதி வாக்கியத்தோடு எழுத்து நின்றுவிடும். இதை நானும் எழுதினேன். ஆறு தாள். ஆறையும் அழித்தேன்.

மண்டூர் முருகன் கோயிலில் பூசகர் வாயைக் கட்டிக்கொண்டு, மந்திரம் ஓதாமல், திரைக்குப் பின்னால் பூசை செய்வார். வெளியே நிற்கிறவர்களுக்கு மணிச்சத்தம் கேட்கும், கற்பூர மணம் வரும். உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் விளக்க மாட்டார்கள். கூட்டம் மூச்சுவிடாமல் நிற்கும். அதுதான் அளவுகோல்.

செய்முறை இப்படி. கதையில் நடந்த கெட்ட காரியத்தை உங்களுக்காக முழுதாக எழுதிவைத்துக்கொள்ளுங்கள், இரண்டு பக்கம் போதும். அதன் மைய நிகழ்ச்சியை வெட்டிவிடுங்கள். அதற்கு முன்னால் நடந்ததில் ஒன்றையும் பின்னால் நடந்ததில் இரண்டையும் பொருளாக மாற்றி மேப்பில் வையுங்கள். எங்கள் கேமில் ஒரு தோணி கவிழ்ந்தது. கவிழ்வதை எங்கும் காட்டவில்லை. முதல் துறையில் ஒருவர் வலை பொத்துகிறார், அதாவது கிழிசலைத் தைக்கிறார். நான்காவது துறையில் அதே வலை பொத்தி முடியாமல் கிடக்கிறது. ஏழாவதில் அதை வெயிலுக்குத் திரையாகக் கட்டியிருக்கிறார்கள், கீழே பிள்ளைகள் விளையாடுகிறார்கள். இந்த மூன்று இடத்திலும் பேச்சு ஒரு வரி கூட இல்லை.

ஐந்தாம் படி: ஆட்டக்காரரின் கையைக் கறையாக்குவது

கூத்தில் இல்லாத வசதி இங்கே இருக்கிறது. அபிமன்யுவை வியூகத்துக்குள் அனுப்புகிறவர் பார்வையாளரேதான். அண்டர்டேல் இதைக் கடைசி வரை கொண்டுபோய்க் காட்டியது. ஒரு பாத்திரத்தைக் கொன்றுவிட்டு, மனம் கேட்காமல் பழைய சேமிப்பைத் திறந்து அவரைக் காப்பாற்றினாலும், கொன்றது தனக்குத் தெரியும் என்று அந்த கேம் உங்களிடம் சொல்லும். எல்லாரையும் கொல்லும் வழியில் ஒருமுறை முடித்துவிட்டால், பிறகு நல்ல வழியில் போனாலும் முடிவில் அந்தக் கறை தெரியும். சேமிப்பது, திரும்பத் திறப்பது போன்ற வெறும் வசதிகளையே அது கதைக்குள் இழுத்துவிட்டது.

நம் கைக்கு எட்டுவது எளிமையான ஒன்று: எண்ணும் வேரியபிள், அதாவது கேம் நினைவில் வைத்திருக்கும் ஓர் எண். பாதையில் ஒரு கிழவி இருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "அந்தக் கரையில ஆரும் நிக்காங்களா புள்ள?" என்று கேட்பாள். நின்று பார்த்துச் சொல்லலாம், பேசாமல் கடந்தும் போகலாம். கேம் அப்போது எதுவும் சொல்லாது. கடந்துபோன தடவைகளை மட்டும் ஒரு வேரியபிள் எண்ணிக்கொண்டிருக்கும். 3 ஆனதும் அவள் கேட்பதை நிறுத்திவிடுகிறாள். 7 ஆனதும் இருந்த இடம் வெறுமையாக இருக்கிறது. பாதை வழமை போல ஓடுகிறது.

செய்யும் விதம்: மேப்பில் வைக்கும் ஆள், பொருள், செயல் எல்லாவற்றையும் இந்த மென்பொருளில் ஈவெண்ட் என்பார்கள். கிழவிக்கு ஒரே ஈவெண்டில் மூன்று பக்கம் போடுங்கள். இரண்டாம் பக்கத்துக்கு நிபந்தனை அந்த வேரியபிள் 3 அல்லது அதற்கு மேல், மூன்றாம் பக்கத்துக்கு 7 அல்லது அதற்கு மேல், படம் எதுவும் இல்லாமல். எண்ணும் கட்டளையை இறங்குதுறையில் மிதித்தால் ஓடும் ஈவெண்டில் வையுங்கள். அதற்கு முன், ஆம் அல்லது இல்லை என்று மட்டும் குறித்துவைக்கும் ஒரு ஸ்விட்ச்சைச் சோதியுங்கள்: அந்தப் பயணத்தில் பதில் சொன்னாரா, இல்லையா. பதில் சொன்ன இடத்தில் ஸ்விட்ச்சைப் போடவோ பயணம் முடிந்ததும் அணைக்கவோ மறந்தால் எண்ணிக்கை கெட்டுவிடும். போட மறந்ததில் எங்களுக்குக் கெட்டது. நல்ல மனசோடு ஒவ்வொரு முறையும் பதில் சொன்ன என் தங்கைக்குக் கிழவி காணாமல் போனாள். தங்கை என்னிடம் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை.

தண்டிப்பதில் ஒரு நியாயம் வேண்டும். ஆட்டக்காரருக்கு வேறு வழியே கொடுக்காமல் ஒரு கொடுமையைச் செய்யவைத்துவிட்டு, பிறகு "ஏன் செய்தாய்?" என்று கேட்பது மலிவான வேலை. நின்று பதில் சொல்ல நேரம் இருந்தும் கடந்துபோனார் என்றால்தான் அந்த வெறுமை அவருடையதாகும்.

ஆறாம் படி: தற்செயலாக வருவது

யுமே நிக்கியில் ஒரு வீட்டில் விளக்கு ஸ்விட்ச் இருக்கிறது. அதை அமர்த்தினால் 64இல் 1 என்ற வாய்ப்பில் அந்த வீட்டுப் பெண் வேறொன்றாக மாறி நிற்பாள். பலர் அதைக் காணாமலே கேமை முடித்திருப்பார்கள். கண்டவர் சொல்ல, காணாதவர் நம்பாமல் இருக்க, அது பேய்க்கதை பரவும் விதத்திலேயே பரவியது. எம்இசட்டில் வேரியபிளுக்கு 1 முதல் 64 வரை எழுமாற்று எண் கொடுத்து, 1 வந்தால் மட்டும் என்று நிபந்தனை வைத்தால் சரி. முழு கேமுக்கும் இப்படி ஒன்று வையுங்கள். பத்து வைத்தால் அது தற்செயல் இல்லை, அட்டவணை.

ஏழாம் படி: சத்தம்

கல்லடிப் பாலத்தடியில் நிலா இரவில் துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால் மீன் பாடும் சத்தம் கேட்கும் என்பது ஊரறிந்தது. அதையே கேமில் ஒரு செயலாக்கினோம். பாதையின் ஓரத்தில் நின்று பொத்தானை அழுத்தினால் பிள்ளை துடுப்பில் காதை வைப்பாள். இசை அமர்ந்து, தண்ணீருக்குள்ளிருந்து ஒரு சத்தம் மட்டும் வரும். எந்தத் துறையை நெருங்குகிறோமோ அதற்கேற்ப அது மாறும். கவனித்தவருக்கு அடுத்த துறையில் என்ன காத்திருக்கிறது என்று முன்பே தெரிந்துவிடும்.

இசையமைப்பாளர் தேவையில்லை. மழைக்குப் பிறகு வயல்கரையில் தவளைச் சத்தத்தைத் தொலைபேசியில் பதிந்து, ஓஜிஜி கோப்பாக மாற்றி, எம்இசட்டில் சுருதியை 50 சதவீதத்துக்கு இறக்கிப் பாருங்கள். தவளை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

எட்டாம் படி: தமிழ் உடையாமல் காப்பது

இது தொழில்நுட்பம்தானே என்று தள்ளிவிடாதீர்கள், கதைநடையையே இது மாற்றிவிடும். ஆர்பிஜி மேக்கரின் பேச்சுப்பெட்டி எழுத்தெழுத்தாக வரையும். ஆங்கிலத்துக்கு அது அழகு. தமிழில் 'கொ' என்பது உள்ளே ககரமும் ஒகரக் குறியும் என்று இரண்டு துண்டு. தனித்தனியாக வரைந்தால் குறி தனியே ஒரு புள்ளிவட்டத்தோடு நிற்கும். பேய் பேசவேண்டிய இடத்தில் எழுத்துதான் பேயாக நிற்கும்.

எம்இசட்டில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும் \> என்ற குறியை இட்டால் வரி முழுவதும் ஒரே தடவையில் வரையப்படும், எழுத்து உடையாது. நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற இலவச எழுத்துருவைத் திட்டக் கோப்புறைக்குள் போட்டு, முதன்மை எழுத்துருவாகக் கொடுத்துவிடுங்கள். எம்வியில் இந்தக் குறி உதவாது, செருகுநிரல் வேண்டும். புதிதாகத் தொடங்குகிறவர் கோடோ 4 என்ற வேறொரு இலவச கேம் மென்பொருளுக்குப் போனால் இந்தத் தொல்லையே இல்லை.

வரி ஒரே தடவையில் வருவதால் எழுத்து மெல்ல மெல்ல விழும் நாடகம் போய்விடும். அதற்கு ஈடாக வாக்கியத்தை நீங்களே உடைக்க வேண்டும். ஒரு பெட்டியில் இரண்டு மூன்று சொல், பிறகு 60 பிரேம் காத்திருப்பு, அதாவது ஒரு வினாடி, பிறகு மிச்சம். மேலே உள்ள கிழவியை இப்படித்தான் பேசவைத்தோம். "அந்தக் கரையில" என்று ஒரு பெட்டி. அமைதி. அப்புறம் மற்றது. மேடைத் தமிழில் எழுதாமல் ஊர்ப்பேச்சில் எழுதியதும் அதற்குத்தான். செந்தமிழில் பேசும் பேய்க்கு யாரும் பயப்படுவதில்லை.

ஒன்பதாம் படி: நம்முடைய இருட்டைத் தொடுமுன்

இதில் எனக்குக் கடுமையான கருத்து உண்டு. 1978 நவம்பர் 23 சூறாவளி, பிறகு யுத்தம், 2004 டிசம்பர் 26 சுனாமி. கல்லடி, நாவலடிக் கரையில் நடந்தது நமக்குத் தெரியும். இலங்கையிலேயே சுனாமியில் அதிக உயிர்கள் போனது அம்பாறை மாவட்டத்தில். கல்முனையிலோ காரைதீவிலோ உங்கள் கேமைத் திறக்கிற ஒருவர் அன்றைக்குப் பிடித்திருந்த கையை அலையில் விட்டவராக இருக்கலாம். அந்த நாளை ஒரு திடுக்கிடலுக்குப் பாவிக்காதீர்கள். தொடவேண்டும் என்றால் தொடக்கத் திரையில் தெளிவான தமிழில் எச்சரிக்கை போடுங்கள். கடலைக் கோபக்காரப் பேயாக ஆக்காதீர்கள். எங்கள் கேமில் திகதி இல்லை, அலை இல்லை, ஒரு தோணி மட்டும். தெரிந்தவருக்குத் தெரியும்.

முடிவு பற்றியும் அதேதான் சொல்வேன். இந்த வகை ரசிகர் கேம்களில் பல, மூலத்தின் துயர முடிவை அப்படியே எடுத்து, அந்தப் பிள்ளையை இல்லாமலாக்கி முடிக்கின்றன. மரபு என்பதற்காக அதைச் செய்யாதீர்கள். கதை அந்த இடத்துக்கு உங்களை இழுத்துப்போகாதபோது அது சோம்பல். எங்கள் பிள்ளை கடைசியில் விழிக்கிறாள், வாசல் வரை போகிறாள், செருப்பை எண்ணுகிறாள். அவ்வளவுதான்.

பத்தாம் படி: சோதிப்பதும் வெளியிடுவதும்

மூலத்தை அறிந்தவர் இருவர், அறியாதவர் ஒருவர், மொத்தம் மூவரை இருத்தி விளையாடவிடுங்கள். நீங்கள் பக்கத்தில் இருக்கலாம், வாய் திறக்கக்கூடாது. கை எங்கே நின்றது, எங்கே சிரித்தார், எங்கே திரும்பிப் பின்னால் நடந்தார் என்று குறித்துக்கொள்ளுங்கள். பின்னால் நடந்த இடங்கள்தான் உங்கள் கேமின் நல்ல இடங்கள். பத்து வயதுக்காரன் இரண்டாவது வீட்டிலிருந்து முதல் வீட்டுக்கு மூன்று தடவை திரும்பிப் போனான், செருப்பு பார்க்க.

உரிமை விஷயத்தில் நான் பயந்தவன், நீங்களும் பயப்படுவது நல்லது. ஒன்பது வருடம் உழைத்துச் செய்த போகிமொன் யுரேனியம் என்ற ரசிகர் கேம் 2016 ஓகஸ்டில் வெளியாகி 15 இலட்சம் தடவைக்கு மேல் தரவிறக்கப்பட்டது. நின்டென்டோவின் வழக்கறிஞர் அறிவித்தல்கள் வந்ததும், சில நாட்களிலேயே செய்தவர்கள் இணைப்புகளை எடுத்துவிட்டார்கள். அணுமின் நிலைய விபத்தில் தாயை இழந்த பிள்ளையின் கதை அது. கதை நன்றாக இருப்பது காப்பாற்றாது. இலங்கையிலும் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் இருக்கிறது. விற்காதீர்கள், மூலத்தின் படத்தையும் இசையையும் அள்ளிப்போடாதீர்கள், பாத்திரத்தின் பெயரை மாற்றுங்கள். மரபை எடுத்தால் யாரும் கேட்கமாட்டார்கள், கோப்பை எடுத்தால் கேட்பார்கள்.

வெளியிடும் நாளுக்கு முன்பு திட்டக் கோப்புறையை இரண்டு இடத்தில் பிரதி எடுத்துவையுங்கள். சேமித்துக்கொண்டிருந்தபோது கரண்ட் போய், ஐந்தாவது துறையின் மேப் வெறுங்கோப்பாகிவிட்டது. மூன்று வாரத்து வேலை. இரண்டாவது தடவை கட்டியபோது அந்தத் துறை சின்னதாக வந்தது, அப்படியே விட்டுவிட்டோம். ஜிப் (zip) கோப்பாகக் கட்டும்போது உள்ளே இருக்கிற படக்கோப்புகளின் பெயர் தமிழில் இருந்தால் ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடுங்கள். சில கணினிகளில் பிரிக்கும்போது தமிழ்ப் பெயர் சிதைந்து, படம் கிடைக்கவில்லை என்று கேம் நின்றுவிடும். எங்களுடையதில் நின்ற இடம் கிழவியின் படம்.